மைக்கில் சொல்லாத பேர்

வாங்க தம்பி, இங்கன நிழல்ல உக்காருங்க. தலைவர் உள்ளதான் இருக்கா. புதன்கெழமன்னா அவளுக்கு உள்ள வேல இருக்கும், கொஞ்சம் நேரம் ஆகும். அதுவரைக்கும் நம்ம பேசிக்கிட்டு இருப்போம். நான் தலைவர் வீட்டுக்காரன், குத்தாலிங்கம். ஊருக்குள்ள எல்லாரும் என்னத்தான் தலைவரேன்னு கூப்புடுவாவ. கூப்புட்டாவ. இப்ப அவளக் கூப்புடுதாவ.

தண்ணி குடிங்க. வெயில்ல வந்திருக்கிய. சிந்துனா சிந்திட்டுப் போவுது, மண்ணுதான.

நீங்க கலெக்டர் ஆபீஸ்தான? சொல்ல வேண்டாம், பையப் பாத்தாலே தெரியுது. போதையில்லா ஊராட்சின்னு ஒரு பரிசு குடுக்காவள்ளா, அதுக்கு எழுதிப் போட்டது நான்தான். விசாரிக்க வாரோம்னு சொல்லியிருந்தாவ. அதுக்குள்ள வீட்டுல ஒரு துட்டி, ஒரு சாவு விழுந்துபோச்சு, விசாரண நின்னுபோச்சு. நான் இன்னும் நம்பிக்கைய விடல பாத்துக்கிடுங்க. அதான் உங்களப் பாத்ததும் வாங்கன்னேன். நீங்க அவகிட்ட பேசுறதுக்கு முன்னால எங்கிட்டக் கேட்டுக்கிடுங்க. அவ ஒண்ணு கெடக்க ஒண்ணு சொல்லிருவா.

எங்க ஊராட்சி பெண்கள் ஒதுக்கீடுன்னு வந்துச்சு. அதனால உலகம்மாள நிப்பாட்டுனேன். ஜெயிச்சா. ஜெயிக்காம? வீடு வீடா ஏறி இறங்குனது யாரு? போர்டுல பேரு அவ பேரு, வேல பூரா எனக்கு. அவ கையெழுத்துப் போடுவா, அவ்வளவுதான். நான் ஒண்ணும் தப்பாச் சொல்லல, எல்லா ஊர்லயும் அப்படித்தான நடக்கு.

மெயின் ரோட்டுல கடை இருந்துச்சுல்லா, சாராயக் கடை, அரசாங்கக் கடைதான். அத எடுக்கணும்னு பொம்பளைய எல்லாம் ரோட்டுல உக்காந்தாவ. உலகம்மா முன்னால உக்காந்தா. கடைய எடுத்துட்டானுவ. ஊரே வெடி போட்டுச்சு. அந்தப் போட்டோ பேப்பர்ல வந்திருக்கு, பொறவு காட்டுதேன், நான் ஓரத்துல நிக்கேன்.

சரி, கடை போச்சு. குடி போச்சா? போவுமா? குடிகாரனுக்கு வழியா தெரியாது. பனங்காட்டுக்குள்ள எவனோ கள்ளச்சாராயத்தப் பாக்கெட்டுல கொண்டாந்து வித்தான். சின்னப் பயலுவ கைல வேற என்னென்னமோ பொட்டலம். அப்பதான் கிராம சபை வந்துச்சு.

கிராம சபையில உலகம்மா எந்திரிச்சா. எங்கிட்ட ஒரு வார்த்த கலந்துக்கிடல. தாலுகா ஆஸ்பத்திரியில இதுக்குன்னே ஒரு டாக்டர் இருக்காராம், வாரத்துல ஒரு நாள் நம்ம ஊருக்கே வரச் சொல்லுவோம், நூலகக் கட்டடத்துல ஒரு ரூம் ஒதுக்குவோம், வாரவன் பேரு ஊரு சொல்ல வேண்டாம், சத்தமில்லாம வந்து மருந்து வாங்கிட்டுப் போவட்டும்னா.

எனக்குச் சிரிப்பு வந்துட்டு. "ஏளா, குடிகாரனுக்கு வைத்தியமா? அடுத்து சைடு டிஷ்சும் ஊராட்சியே குடுக்குமா?"ன்னேன். சபையே சிரிச்சுச்சு. அவ உக்காந்துட்டா. நான் சும்மா வேடிக்கையாத்தான் சொன்னேன், ஆனா சிரிப்புன்னா அப்படி ஒரு சிரிப்பு.

அப்ப நான் ஒரு யோசன சொன்னேன். தண்ணித் தொட்டி தெரியுதா? அந்தா, உச்சியில ரெண்டு குழாய் ஸ்பீக்கர் இருக்குல்லா. ஊராட்சி ஆபீஸ்ல இருந்து மைக்குல பேசுனா காட்டுல களை எடுக்கவ வரைக்கும் கேக்கும். தண்ணி தொறந்து விட்டா சொல்லுவோம். ரேஷன்ல பாமாயில் வந்தா சொல்லுவோம். யாராவது செத்தா சொல்லுவோம். இனிமே குடிச்சவன் பேரையும் அதுலயே சொல்லுவோம்னேன். இன்னார் மகன், இன்னார் புருசன், நேத்து குடிச்சிட்டு வந்தாரு, ஊராட்சி இத வன்மையாகக் கண்டிக்கிறது. அவ்வளவுதான். அடி கிடையாது, அபராதம் கிடையாது. மானம் உள்ளவன் திருந்துவாம்லா?

கைதட்டுனாவ பாருங்க. தீர்மானம் ஏகமனசா நிறைவேறிட்டு. உலகம்மாதான் கையெழுத்துப் போட்டா, வேற யாரு போடுவா.

மைக்குல பேசுறது நான். நமக்குக் குரல் அப்படி. கபடிப் போட்டின்னா இந்தச் சுத்துவட்டாரத்துல என்னத்தான் பேசக் கூப்புடுவானுவ. தெனமும் காலையில கோயில் பாட்டு முடிஞ்சதும், "அன்பார்ந்த பொதுமக்களே"ன்னு ஆரம்பிச்சா, அவனவன் வீட்டுல இட்லிய வாய்க்குக் கொண்டுபோறவன் அப்படியே நிப்பாட்டிருவான். யாரு பேரு வருமோன்னு. பயம்னா பயம். ஒரு வாரத்துல ஊரு தெருவுல ஒரு தள்ளாட்டம் கிடையாது.

கொத்தனார் பலவேசம்னு ஒருத்தன். நல்ல வேலக்காரன், ஆனா சாயங்காலமானா தாகம். அவன் பேரு அடிக்கடி வரும். ஒரு நா காலையில அவன் மகளப் பொண்ணு பாக்க வேத்தூர்ல இருந்து ஆளு வாராவ, எனக்கு எப்படித் தெரியும்? அவிய பஸ்ஸ விட்டு இறங்குத நேரம் பாத்து நான், "பரமசிவம் மகன் கொத்தனார் பலவேசம்..."ன்னேன். அவிய அதே பஸ்ஸுல ஏறிப் போயிட்டாவளாம். பலவேசம் எங்கிட்ட ஒரு சண்டைக்கு வரல. வீட்டப் பூட்டிட்டு குடும்பத்தோட கேரளாவுக்குப் போயிட்டான். உலகம்மா அதுக்கு ஒரு பாட்டு அழுதா. நான் சொன்னேன், அழாத, நம்ம ஊராட்சியில ஒரு குடிகாரன் கொறஞ்சான்ல.

நெசந்தான தம்பி? கொறஞ்சான்ல?

பொறவு மைக்குல சொல்லப் பேரே கிடைக்கல. தண்ணி தொறந்து விட்டத மட்டும் சொல்லிட்டு எறங்கி வருவேன். குடிச்சவன் எவனும் கண்ணுல படல. கூடக் குடிச்சவன் எவனும் காட்டிக் குடுக்கல. ஊரு திருந்திட்டுன்னுதான் பரிசுக்கு எழுதிப் போட்டேன். பனங்காட்டுக்குள்ள குடிச்சானுவன்னு இப்ப சொல்லுதாவ. குடிக்கட்டும். அது நம்ம ஊராட்சி எல்லையே கிடையாது, அடுத்த ஊராட்சி. நீங்க அத மனசுல வச்சிக்கிடணும்.

முத்துமாலை கதைய உங்ககிட்ட யாராவது சொல்லியிருப்பாவ. அவன் உலகம்மாவோட தம்பி. தாய் தகப்பன் இல்லாத பய. எனக்குக் கழுத்த நீட்டும்போதே இடுப்புல அவன வச்சிக்கிட்டுத்தான் வந்தா. எங்களுக்குப் பிள்ளை இல்ல. அவன்தான் பிள்ளை. லோடு ஆட்டோ வாங்கிக் குடுத்தோம், ஓட்டுனான். வாழைத்தாரு, சிமெண்டு, எது கிடச்சாலும் ஏத்துவான். எங்கிட்ட மரியாதைன்னா அப்படி மரியாத, நான் இருக்கிற இடத்துல உக்கார மாட்டான்.

குடிச்சானாவா? குடிச்சான். எனக்குத் தெரியாதுன்னு சொல்லுவேனா? பாக்கு போட்டுக்கிட்டு வருவான், ஏலக்கா மென்னுக்கிட்டு வருவான். வாடை மறைஞ்சிருமா? சாப்புட உக்காந்தா கை லேசா ஆடும்.

மைக்குல சொன்னியளான்னு கேக்கிய. என்ன தம்பி இது, சொந்த மச்சினன் பேர எவனாவது சொல்லுவானா? தலைவர் தம்பி அவன். அவன் பேரு வந்தா தலைவருக்கு என்ன மரியாத? ஊராட்சிக்கு என்ன மரியாத? ஊருக்குத் தெரியும், ஆனா எவனும் வாயத் தொறக்கல. ஊர் வாயை மூட உலைமூடி இல்லம்பாவ, எங்க ஊர்ல மைக்கு இருந்துச்சு.

உலகம்மா மட்டும் தெனமும் கேப்பா. "இவன ஆஸ்பத்திரியில சேப்போங்க. அந்த டாக்டருகிட்ட நான் பேசிட்டேன், படுக்கை தாரேன்னுட்டாரு." நான் சொன்னேன், சேப்போம், யாரு வேண்டாம்னது. பரிசு வாங்குற வரைக்கும் பொறு. தலைவர் தம்பியே குடிகாரன்னு ஆஸ்பத்திரி நோட்டுல ஏறிட்டா எவன் பரிசு குடுப்பான்? ஒரு மாசம். அதுக்குள்ள என்ன குடிமுழுகிப் போச்சு?

அன்னைக்கு உலகம்மாவுக்கு யூனியன் ஆபீஸ்ல கூட்டம். கூட்டத்துக்கு எப்பவும் நான்தான் போவேன், அன்னைக்குன்னு தலைவர்தான் வரணும்னு கண்டிசனாச் சொல்லிட்டானுவ. காலையில பஸ் ஏறிப் போயிட்டா. கொஞ்ச நேரங்கழிச்சு முத்துமாலை வந்தான். ஆட்டோவ வாசல்ல குறுக்க நிப்பாட்டிட்டு உள்ள வந்தான். வயித்தப் புடிச்சிக்கிட்டுச் சுருண்டு படுத்தான், அந்தா அந்த ரூம்லதான். வாந்தி எடுத்தான். மாப்ள என்ன செய்யுதுன்னேன். ஒண்ணுமில்ல அத்தான்னான்.

பொறவு சொன்னான், "அத்தான், எல்லாம் வெள்ளையாத் தெரியுது. பனி விழுந்த மாதிரி இருக்கு"ன்னான்.

சித்திர வெயிலு தம்பி. வெளிய தாரு உருகுது. இவன் பனிங்கான். நான் வெயில் தாக்கம்னு நினச்சேன். யாரா இருந்தாலும் அப்படித்தான நினப்பாவ? உப்புப் போட்டு மோரு கலக்கிக் குடுத்தேன். எளனி வெட்டிக் குடுத்தேன். ஈரத்துணிய நெத்தியில போட்டேன். ஒரு தாய் என்ன செய்வாளோ அதெல்லாம் செஞ்சேன், நீங்க கேட்டுப் பாருங்க, யார வேணும்னாலும் கேளுங்க. யாரும் பாத்துருக்க மாட்டாவ, கதவச் சாத்தியிருந்தேன்.

ஆம்புலன்ஸக் கூப்புட்டிருக்கலாமேன்னு எல்லாரும் கேக்காவ. சொல்லுதது லேசு. அது எப்படி வரும்? ஊரு எல்லையில இருந்தே கத்திக்கிட்டு வரும். தெருவே கூடும். என்ன குடிச்சான், எங்க குடிச்சான்னு எழுதுவானுவ. ரெண்டு நாள்ல பரிசுக்கு விசாரண. நானா குடிக்கச் சொன்னேன்? அதுவும்போக, அவனே வேண்டாம்னான். நான் போன கையில எடுத்ததும் என் கையப் புடிச்சான். புடின்னா புடி, இரும்பு மாதிரி.

"அத்தான், மைக்குல மட்டும் சொல்லிராதீங்க"ன்னான்.

அதான் அவன் எங்கிட்டக் கேட்ட ஒரே விஷயம். சொல்ல மாட்டேன் மாப்ளன்னேன். சத்தியம்னு கேட்டான். சத்தியம் பண்ணுனேன். அவன் தலையிலதான் பண்ணுனேன்.

சாயங்காலம் பஸ்ஸுக்கு உலகம்மா வந்தா. ஆட்டோ குறுக்க நிக்கதப் பாத்த உடனே அவளுக்குத் தெரிஞ்சு போச்சு போல, செருப்போடயே உள்ள ஓடுனா. அவன் மூஞ்சிக்கு நேரா கைய ஆட்டுனா. அவன் கண்ணு தொறந்துதான் இருந்துச்சு, "அக்கா, வெளக்கப் போடுக்கா"ன்னான். வெயில் இன்னும் இறங்கல. அவ ஒரு சத்தம் போட்டா பாருங்க, அந்தச் சத்தத்துக்கு ஆம்புலன்ஸ் சத்தமே தேவல.

ஆஸ்பத்திரியில விடிய விடியப் பாத்தாவ. விடியும்போது போயிட்டான். காலையிலயே கொண்டாந்திருந்தா காப்பாத்தியிருக்கலாமேன்னாரு டாக்டரு. டாக்டருங்க எல்லாருக்கும் அது ஒரு வழக்கமான பேச்சு. செத்த வீட்டுல எல்லாம் அதத்தான் சொல்லுவாவ.

இப்பதான் தம்பி என் மனக்கொறைக்கு வாரேன். நீங்க எழுதிக்கிடணும்னா இத எழுதிக்கிடுங்க.

சாவுன்னா மைக்குல சொல்லணும், அது ஊரு வழக்கம். பொணம் வீட்டுக்கு வந்ததும் நான் ஆபீஸுக்குப் போனேன். வேற ஒருத்தனச் சொல்லச் சொல்லியிருக்கலாம். எனக்கு மனசு கேக்கல. பிள்ளை மாதிரி வளத்தவன், அவன் சாவ இன்னொருத்தன் குரல்லயா ஊரு கேக்கணும்? மைக்கப் போட்டேன். எப்படியோ ஆரம்பிச்சேன். "நமது ஊராட்சித் தலைவரின் உடன்பிறந்த தம்பி முத்துமாலை, உடல்நலக் குறைவால்..." அவ்வளவுதான் சொல்லியிருப்பேன்.

உலகம்மா கதவுல நின்னா. தலைய முடியல, சேல மண்ணுல இழுபடுது. கிட்ட வந்து மைக்க எங்கையில இருந்து வாங்குனா. புடுங்கல, வாங்குனா. நானும் குடுத்துட்டேன். அவ மைக்குல பேசுனதே கிடையாது, அதுல எப்படிப் பேசணும்னுகூட அவளுக்குத் தெரியாது.

"எந்தம்பி முத்துமாலை குடிச்சுத்தான் செத்தான்"னா.

ஊரு பூரா கேட்டுச்சு. நான் வயரப் புடுங்கப் போனேன். அவ என்னப் பாத்த பார்வையில கை நின்னு போச்சு.

"பனங்காட்டுப் பாக்கெட்டக் குடிச்சுச் செத்தான். கண்ணு தெரியாமச் செத்தான். அதே பாக்கெட்ட நேத்து குடிச்சவன் இன்னும் வீட்டுக்குள்ள படுத்திருப்பிய. வயிறு வலிக்கும், கண்ணு மங்கலாத் தெரியும். எந்திரிச்சு எங்க வீட்டு வாசலுக்கு வாங்கய்யா. உங்க பேர நான் கேக்க மாட்டேன். இனிமே இந்த மைக்குல யாரு பேரும் வராது. எந்தம்பி பேருதான் கடைசி. வாங்கய்யா. பொண்டாட்டிமாரே, தள்ளிக்கிட்டு வாங்கம்மா."

இதையே திருப்பித் திருப்பிச் சொன்னா. வாங்கய்யா, வாங்கய்யான்னு. பிச்ச கேக்கவ மாதிரி.

நான் சத்தியம் பண்ணிக் குடுத்தேன் தம்பி. மைக்குல சொல்ல மாட்டேன்னு அவன் தலையில அடிச்சு சத்தியம் பண்ணுனேன். நான் காப்பாத்துனேன். கூடப் பொறந்தவ காப்பாத்தல. செத்தவன் கடைசி ஆசைய ஊரு கேக்க ஒடச்சுப் போட்டா. இத நீங்களே சொல்லுங்க, யாரு மேல தப்பு?

வந்தானுவளா? வந்தானுவ. மொதல்ல ஒருத்தன் செவுத்தப் புடிச்சிக்கிட்டே வந்தான். பொறவு ஒருத்தன், பொறவு அங்கங்க இருந்து. குடிக்கவே மாட்டான்னு நான் நினச்சவன்லாம் வந்தான். கைதட்டித் தீர்மானம் போட்டவனும் வந்தான். எங்க வாசல்ல பொணம் கெடக்கு, பந்தல்கூடப் போடல, அங்க வந்து வாந்தி எடுக்கானுவ. உலகம்மா அழக்கூட இல்ல. முத்துமாலையோட லோடு ஆட்டோவுலயே எல்லாத்தையும் ஏத்துனா, வாழத்தாரு ஏத்துத மாதிரி. தம்பியத் தூக்காம அவனுவளக் கூட்டிக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டா. பொணத்துகிட்ட நான் ஒத்தையில உக்காந்திருந்தேன். கொட்டுக்காரனே வந்து, வீட்டுக்காரவிய எங்கன்னு கேக்கான்.

எல்லாவனும் பொழச்சுக்கிட்டானுவ. ஒருத்தனுக்கு மட்டும் கண்ணு திரும்பல. டாக்டரு அவளக் கையெடுத்துக் கும்பிட்டாராம். கும்பிடட்டும். பேப்பர்ல வந்துட்டு, போலீஸ் வந்துட்டு, பரிசுக்கு விசாரிக்க வாரவிய அப்படியே நின்னுட்டாவ. எத்தன நாள் பாடு, ஒரு காலையில காலி. பனங்காட்டுல வித்தவனப் புடிச்சுட்டானுவ. அதனாலதான் சொல்லுதேன், இப்ப ஊரு சுத்தம். நீங்க தைரியமா எழுதலாம்.

அன்னையில இருந்து அவ எங்கூடப் பேசல. சோறு வைப்பா, தண்ணி வைப்பா. திட்டுனாக்கூடப் பரவால்ல தம்பி. ஒரு நா, மைக்கு ரூம் சாவிய எங்க வச்சிருக்கேன்னு கேட்டேன். இடுப்புல தட்டிக் காட்டிட்டுப் போயிட்டா. இப்ப தண்ணி தொறக்கத டேங்க் ஆபரேட்டர் மைக்குல சொல்லுதான். மூக்கால பேசுதான், ஒண்ணும் வெளங்காது. கூட்டத்துக்கு அவளே போறா. நான் இங்க உக்காந்து வாரவனுக்குத் தண்ணி குடுக்கேன்.

புதன்கெழம புதன்கெழம அந்த டாக்டரு வாராரு. நூலகம் ரோட்டப் பாத்து இருக்கு, வாரவன் கூச்சப்படுவான்னு முத்துமாலை ரூம ஒழிச்சுக் குடுத்துட்டா. அவன் கட்டில்தான், அவன் போர்வதான். அவன் சட்ட ஒண்ணு ஆணியில தொங்குது, அத மட்டும் எடுக்க விடல. எவனெவனோ வந்து அந்தக் கட்டில்ல உக்காருதான். பேரு கேக்கக் கூடாது, அதான் சட்டம். நான் வாசல்ல உக்காந்து வாரவன் மூஞ்சியப் பாக்கேன், அவ்வளவுதான். எனக்கு அந்த ரூமுக்குள்ள போவ மனசு வரல.

இன்னும் கொஞ்சம் தண்ணி ஊத்தவா? டம்ளரக் கீழ வைங்க தம்பி, எல்லாம் சட்டையில போவுது.

கை ஏன் இப்படி நடுங்குது?

நீங்க கலெக்டர் ஆபீஸ் இல்லையா?

சரி. சரி. சொல்ல வேண்டாம். நானா பேசிக்கிட்டு இருந்துட்டேன். வந்த உடனே சொல்லியிருக்கலாம்லா, புதன்கெழமன்னு நாந்தான் சொன்னேன், எனக்கே ஒறைக்கல. பையில என்ன, மாத்துத் துணியா? நல்லது. எந்திரிங்க, மெதுவா. என் தோளப் புடிச்சுக்கிடுங்க. அந்தா அந்தக் கதவுதான், தட்ட வேண்டாம், சும்மாத்தான் சாத்தியிருக்கும். செருப்ப இங்கனயே கழத்திப் போடுங்க, நான் பாத்துக்கிடுதேன்.

தம்பி, ஒரு நிமிசம். பேரு கேக்கல, ஊரு கேக்கல. இங்க என்னப் பாருங்க. என் மூஞ்சி தெரியுதா? தெளிவாத் தெரியுதா? பனி மாதிரி எதுவும் இல்லையே?